சீட்டு

"அப்பாவை உள்ளே கூட்டிட்டு வாங்கம்மா"
என்றாள் கதவைத் திறந்த நர்ஸ்.
நூறடி ரோட்டு எலும்பு ஆஸ்பத்திரியில்
வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில்
பல் முழுதாக இருந்தது எனக்கு மட்டும்தான்.
அப்பா எழுந்திருக்கவில்லை.
அறுபத்தோரு வயதிலும் நன்றாக ஓடுகிற தன் கால்களை
நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார்,
யாரிடமோ இரவல் வாங்கியவை போல.
"அழகுநாச்சி நான்தான்" என்றேன்.
சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
மறுபடி சீட்டை.

இருபத்தெட்டு.

மூன்று வருஷத்துக்கு முன் சிறுநீரகத்தைக் காப்பாற்றிய
சின்ன வெள்ளை மாத்திரை
போகிற போக்கில்
இடுப்புக்கு வரும் ரத்தத்தை நிறுத்திவிட்டுப் போயிருந்தது.
டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
பந்தாக இருக்க வேண்டியது
அணில் கடித்த கொய்யாவாக இருந்தது.
"இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா இத்தனை நாள் நடந்தே?"
பாராட்டா, திட்டா, தெரியவில்லை.
"மெதுவா" என்றேன்.

நான் கணக்கு எழுதுகிற கடையில்
எல்லாவற்றுக்கும் என்னைவிட வயது அதிகம்.
இடித்த வீடுகளின் தூண், நிலை, ஊறுகாய் ஜாடி,
ரசம் போன கண்ணாடி.
ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டுவேன்:
பர்மாத் தேக்கு, நூற்றுப்பத்து வருடம், விரிசல் இல்லை.
சில நாள் விரிசல் இருக்கும்.
இல்லை என்றே எழுதச் சொல்வார் முதலாளி.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
காது மட்டும் இருந்தது.
ரம்பம். பிறகு சுத்தியல்.
சுவரிலிருந்து நிலையைப் பெயர்க்கும்போது கேட்குமே, அதே சத்தம்.
"இன்னும் ஒரு அடி" என்றார் யாரோ.
மேசையோடு சேர்ந்து குலுங்கினேன்.
வலிக்காத குலுக்கல்.
பயம் அப்போதுதான் வந்தது.

"எடுத்ததை எங்க வச்சீங்க?"
தியேட்டர் பையன் யோசித்துவிட்டுச் சொன்னான்:
"மஞ்சக் கவர்ல போயிருச்சுக்கா."
என்றோ ஒருநாள் சாம்பலில் கைவிட்டுத் தேடுகிறவர்களுக்கு
ஒரு துண்டு குறையும்.
ஒரு துண்டு கூடவும் செய்யும், வேகாமல், பளபளவென்று.

வீடு திரும்பிய மறுநாள்
அப்பா டி.வி.எஸ். வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்,
நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியை.
கழனிவாசல் முக்கு, டீக்கடை, சீட்டாட்டக் கூட்டாளிகள்.
துணி போட்டு மூடியிருக்கலாம். மூடவில்லை.
கேட்டவர்களிடமெல்லாம் "மகளுக்கு" என்றாராம்.
"எனக்கு" என்றிருந்தால்
மேற்கொண்டு ஒரு கேள்வி வந்திருக்காது.

தரையில் உட்காராதே.
கால் மேல் கால் போடாதே.
விழுந்த பேனா விழுந்ததுதான், குனியாதே.
பிசியோதெரபி ஜெசிந்தா என்னைவிட நான்கு வயது சின்னவள்;
"அப்படித்தான், தங்கம், அப்படித்தான்" என்பாள்
நான் பத்தடி நடந்ததற்கு.

பர்சில் இப்போது ஒரு அட்டை.
பீங்கான் தலை, டைட்டேனியத் தண்டு, பதினோரு இலக்க எண்.
இருபது வருஷம் வரும், இருபத்தைந்தும் வரலாம் என்றார் டாக்டர்.
கணக்கு எழுதுகிறவளுக்குக் கூட்டாமல் இருக்க முடியவில்லை.
ஐம்பத்து மூன்றில் இன்னொரு தடவை.
விரிசல் பற்றி அட்டையில் ஒன்றும் இல்லை.

பதினோராவது வாரம், டவுன் பஸ்.
"வயசுப்புள்ள சீட்டுல சாஞ்சு ஒக்காந்துருக்கு,
நிக்கிறவுக நிக்கிறாக."
போன வருஷம் இதையே வேறொருத்தி சொன்னாள்.
எழுந்திருக்கவில்லை. இறங்கும்வரை ஜன்னலையே பார்த்தேன்.
இவளுக்கு ஐம்பது, ஐம்பத்து மூன்று இருக்கும்.
எழுந்தேன்.
கம்பியைப் பிடிக்குமுன் வண்டி கிளம்பிவிட்டது.
இடது கால் தானாக அகன்று ஊன்றியது,
தான் பீங்கான் என்பது தெரியாமல்.
"எங்கம்மா?"
"ரஸ்தா."
காசில்லாச் சீட்டைக் கிழித்து நீட்டினார் கண்டக்டர்.