ஐம்பத்திரண்டு

மடகாஸ்கரின் வடமேற்கில்
கடல் கொஞ்சம் உள்ளே வந்து தயங்கி நிற்கும் இடத்தில்
மூங்கில் புதர் மண்டிய மணற்காடு.
அங்கே மட்டும், வேறெங்கும் இல்லை, அங்கோனோகா:
கழுத்துக்குக் கீழே ஏர்முனையை நீட்டிக்கொண்டு
எதையும் உழாமல் நடக்கிற ஆமை.

சுவஸாரா அதை மடியில் வைத்துக்கொள்கிறாள்.
பல் டாக்டரிடம் இருப்பதுபோல் ஒரு சின்ன டிரில்.
பொன் ஓட்டில் எண் செதுக்குகிறாள்.
மாவு பறக்கிறது,
நகம் கருகும் வாசனை.

'இவ்வளவு அழகைக் கெடுக்கிறாயே.'
'கெடுக்கத்தான்.'
எங்கோ கண்ணாடித் தொட்டியில் வைத்து
அழகு பார்க்கிறவனுக்குக்
கீறல் விழுந்த சரக்கு பிடிக்காதாம்.

முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் நால்வர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
துணியில் வரைந்த படத்தை விரித்துக் காட்டினாள்.
என் படகுக்கு இந்தப் பெயின்ட் கிடைக்குமா
என்றான் ஒருவன்.
கோழி வளர்க்கும் ஸாஃபிசுவா எழுந்தாள்:
'என் கூண்டில் ஒன்று இருந்தது.
அது இருந்தவரை கோழிக்கு நோய் இல்லை.
சட்டம் வந்து தூக்கிக்கொண்டு போனது.
அப்புறம் என் கோழிகளைச்
சட்டம் வந்து பார்த்துக்கொள்ளவில்லை.'

(ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிற மொழியில்
உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.
வீடு புகுந்த காடு என்னவாகும் என்று
எங்கள் பழமொழி யோசிக்கவில்லை.)

படத்துணி செய்யாததை எண் செய்தது.
முப்பத்தேழு வடக்கே போயிருக்கு.
பத்தொன்பது மண்ணைப் பறிக்குது, முட்டையிடுமோ என்னவோ.
ஐம்பத்திரண்டு என் மரவள்ளிக் கொழுந்தைத் தின்னுட்டுது,
நஷ்டஈடு யார் தருவது?
மீன் உலர்த்தும் பரணடியில், கிணற்றில்,
படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில்
அடுத்த வீட்டு மருமகளைப் பேசுவதுபோல் பேசினார்கள்.
ஐம்பத்திரண்டுக்குப் பின்னங்கால் ஒன்று சூம்பல்.
பாதையில் அது குறுக்கே வந்தால்
சைக்கிள்காரர்கள் இறங்கி நிற்பார்கள்,
மரியாதையால் அல்ல,
மணி அடித்தால் அது அங்கேயே உட்கார்ந்துவிடும்.

பிறகு மூன்று வாரம்
ஐம்பத்திரண்டைப் பற்றி யாரிடமும் சேதி இல்லை.

எண்ணைத் தேய்த்து மெழுகு பூசுகிற ஆட்கள்
துறைமுகத்தில் இருக்கிறார்களாம்.
மீசை நரைத்த ம்போட்டிஸாஃபியின் வீட்டில்
ஓலை போய்ப் புதுத் தகரம் வந்திருந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அந்த வழியாகப் போகையில் எல்லாரும்
ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தின் கடைசி மழை
இரவு முழுக்கப் பெய்தது.
ஓலைக்கடியில் ஊர் தூங்கியது.
தகரத்துக்கடியில் ஒருவன்
ஒவ்வொரு துளியையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

மழை ஓய்ந்து சில நாளில்
காட்டுத்தீயை மறிக்கப் புல் செதுக்கும் வேலை.
வெள்ளாப்பில் நாற்பது பேர் வரிசை கட்டினார்கள்,
பதினொன்று நாற்பதானது
எந்தக் கூட்டத்தில் என்று சுவஸாராவுக்கே தெரியாது.
வரிசையின் கடைசியில்
சொந்த மண்வெட்டியோடு ம்போட்டிஸாஃபி.
யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.
போ என்றும் சொல்லவில்லை.
பகல் சாயும்வரை செதுக்கினான்.
குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை.
ஸாஃபிசுவா தன் குடுவையை
அவனுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு
வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு குஞ்சு,
உள்ளங்கையில் அடங்குகிற அளவு வளர்ந்தது,
மூங்கில் சருகுக்குள்ளிருந்து கிடைத்தது.
சுவஸாரா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
பதிவேட்டைப் புரட்டினாள்:
'ஐம்பத்திரண்டு காலியாக இருக்கிறது,
அதையே போட்டுவிடவா?'

'அதைப் போடாதே,' என்றாள் கோழிக்காரி,
'அது ஓர் ஆளுடைய பெயர்.'