நிறம் கழற்றிய பச்சை

மாதிரி எண் 4417.
பெயர் இல்லை, ஊர் இல்லை, குளம் இல்லை.
ஐந்து கிராம் சதை.
அரைத்து, அமிலம் விட்டு, சுழற்றி,
மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து
இயந்திரத்துக்கு ஊட்டுகிறேன்.
பதினொரு நிமிடம் அது யோசிக்கும்.

அந்தப் பதினொரு நிமிடமும் எனக்கு
ஜன்னலில் பேரை வாவி.
வாவியில் ஒரு கூழைக்கடா,
விழுங்குவது எதையும் விசாரிக்காமல்.
வாவியின் பச்சை கண்ணுக்குத் தெரியும்,
அதனால் அதை யாரும் நம்புவதில்லை.

நான் தேடும் பச்சை வேறு.
பட்டுக்குப் போடும் சாயம்.
முட்டையில் பூஞ்சணம் பிடித்தால்
குளத்துக்காரர் ஒரு சிட்டிகை கரைப்பார்;
தண்ணீர் மரகதமாகும், குஞ்சுகள் பிழைக்கும்.
மீனுக்குள் போனதும் சாயம்
தன் நிறத்தைக் கழற்றி வைத்துவிட்டுக்
கொழுப்பில் குடியேறும்
வாடகை ஒப்பந்தம் இல்லாமல்.

திரையில் ஒரு கூர் எழும்புகிறது.
ஷிரோமி எட்டிப் பார்த்து "அய்யோ" என்கிறாள்.
அந்தச் சொல் எங்கள் இருவர் மொழியிலும் ஒன்றுதான்.

படிவம் கேட்கிறது: ஏற்றுமதிக்கா?
ஆம் என்றால்
தடுத்து நிறுத்த ஒரு கட்டம் உண்டு.
இல்லை என்றால்
அடுத்த பக்கம் பார்க்கவும்.
அடுத்த பக்கத்தில்
என் கையெழுத்துக்கு மட்டும் இடம்.

நூறாம் இலக்க பஸ்
வெள்ளவத்தையில் என்னை உதிர்க்கிறது.
சேலைக் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பொம்மை
அதே பச்சையை உடுத்தி நிற்கிறது,
ஒளிக்க எதுவும் இல்லாமல்.

லெஸ்லி செவுளை விரித்துக் காட்டுகிறார்.
"பாருங்க மிஸ், ரத்தம் மாதிரி."
செவுள் சிவப்பு. கண் தெளிவு.
விரலால் அமுக்கினால் பள்ளம் நிற்காமல் சதை எழும்புகிறது.
ஊரே நம்பும் மூன்று சோதனையிலும் பாஸ்.
"கடலா, குளமா?"
"டீசல் விற்கிற விலைக்குக் கடலா மிஸ்?"
பாரை விலை கேட்டேன்.
கேட்டதோடு சரி.

குசினியில், முக்கால் கிலோ திலாப்பியா.
புளி கரைக்கும் முன்
ஐந்து கிராம் சதை வெட்டி
ஒரு சின்ன டப்பாவில் அடைத்து
ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறேன்.
ஒட்டுத்தாளில் எண் போடக் கை வரவில்லை.
'வீடு' என்று எழுதினேன்.
நாளை காலை, எல்லோரும் வரும் முன்,
பதினொரு நிமிடம்.

மிச்சம் சட்டியில் கொதிக்கிறது.
யதுர்ஷா கோப்பையோடு வந்து நிற்கிறாள்.
"அம்மா, எனக்கு வயிற்றுத் துண்டு.
அந்தக் கொழுப்பு இருக்கிற துண்டு."