நாலரை அடி

கோடைக்கு வெளியில் ஏதாவது செய்யலாமுங்க என்று
லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டியது நான்தான்.
வீடுகள் எழுபத்திரெண்டு.
வந்தவர்கள் பதினொரு பேர்.
மற்றவர்களுக்கு ஷிப்மென்ட்.
திருப்பூரில் ஏப்ரல் என்றால்
எங்கேயோ பனியில் நிற்கப்போகும் ஒரு குழந்தைக்கு
முழுக்கை பனியன் தேதிக்குப் போய்ச் சேரவேண்டும்.

ஜெனரேட்டர் அறை நிழலில் நாற்காலி போட்டோம்.
கிரிக்கெட், என்றான் ஒரு பையன்.
பி பிளாக் கிருபாகரன் எழுந்து நின்றார்.
போன வருசம் உடைந்த கார்க் கண்ணாடி
இன்னும் அவர் முகத்தில் இருந்தது.
பட்டம், என்றாள் நஸ்ரின்.
எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்:
மேலே ஹைடென்ஷன் கம்பி.
பொழுதோட நொய்யல் கரை வரைக்கும் நடக்கலாமுங்க
என்று ஆரம்பித்த நவநீதன்
மூக்கைத் தொட்டுக்கொண்டு
தானே வாபஸ் வாங்கினார்.

தண்ணி விளையாட்டு, என்றது ஒரு சின்னக் குரல்.
பதினொரு தலையும் ஒரே பக்கம் திரும்பின.
நீச்சல் குளம்
வீடு விற்ற நோட்டீஸில் ததும்பியது.
நிரப்புவதற்குப் பதினெட்டு லோடு லாரித் தண்ணி.
கணக்கு என்னிடம் இருக்கிறது.
மாசியிலேயே காலி பண்ணிவிட்டோம்.
அடியில் நீல ஓடு, வேப்பஞ்சருகு,
யாருடையது என்று தெரியாத ஒற்றைச் செருப்பு.

டீ வந்தது. கூட்டம் கலைகிற நேரம்
ஆறாம் வகுப்பு மித்ரா
ஏணி பிடித்து உள்ளே இறங்கிவிட்டாள்.
"இங்க நெழலா இருக்குது!"
குரல் ரெண்டு தரம் வந்தது.
ஐந்து மணிக்கு சி பிளாக்கின் நிழல்
முழுசாய் அதற்குள் விழுகிறது.
நாலு வருசமாய் விழுந்திருக்கும்.

தீர்மானம் என்று எதுவும் எழுதவில்லை.
சட்டம் மட்டும் மயிலாத்தாள் போட்டாள்:
"கூட்டறது நானுங்க.
செருப்போட எறங்குனா ஆகாது."

சின்னதுகளுக்கு ஆழமில்லாத பக்கம்.
பாண்டி ஆடக் கட்டம் போடும் வேலையில்லை,
ஓடே கட்டம்.
ஆழமான பக்கம் சீட்டு, செஸ்,
முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏணிப்படி.
நன்னாரி சர்பத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய்.
தராதவர்கள் பட்டியல் தனியாக இருக்கிறது.

பன்வாரிலால் கம்பெனியிலிருந்து
ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் வந்தது.
பெண்கள் உட்கார்ந்து பின்னினார்கள்,
பன்னிரண்டு நிறத்தில் ஒரு கயிறு.
ஞாயிற்றுக்கிழமை ஏ பிளாக்கும் டி பிளாக்கும் இழுத்தன.
பனியன் துணி அல்லவா,
நீண்டது.
இவர்கள் பின்னால் போனார்கள்,
அவர்களும் பின்னால் போனார்கள்,
ரெண்டு பக்கமும் முதுகு சுவரில் முட்டியது.
நடுக்கோட்டில் கட்டிய கைக்குட்டை
அசையவே இல்லை.
"லைக்ரா அஞ்சு பர்சென்ட்"
என்றார் மெர்ச்சண்டைசர் சுரேந்தர்,
ஒரு கைப்பிடியை முகர்ந்து பார்ப்பதுபோல் பார்த்து.
அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
மாதக் கடைசியில் லிஃப்டில் பார்த்தால்
நாமே படியில் போய்விடலாம் என்று தோன்றும் முகம்.

எனக்கு நீச்சல் தெரியாது.
குளத்துக்கென்று மாசம் நூற்றைம்பது
நானே வசூல் பண்ணி, நானே ரசீது கிழித்து
விளிம்பில் நின்றதோடு சரி.
எல்லோரும் மேலே ஏறிய பிறகு
சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன்.
ஓட்டில் இன்னும் பகல் சூடு.
சுவரில் நாலரை என்று எழுதியிருந்த இடத்தில் நின்றால்
கோடு என் தோளுக்கு வந்தது.
கையை அகலமாய் ஒரு தரம் வீசினேன்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மேலேயிருந்து கிருபாகரன் குரல்:
"ஏனுங்க, மேற்கால மப்புப் போட்டிருக்குது,
மழை வந்துட்டா என்ன பண்றது?"

அதை யோசித்து வைக்கவில்லை.