காவல் நிற்கும் புழு

சவுக்குக்கு இலை இல்லை என்பார்கள்.
ஊசி என்று நாம் சொல்வது குச்சி.
கணுவில் பிடித்து இழுத்தால் டிக்கென்று கழலும்,
திரும்பச் செருகினால்
எங்கே கழன்றதென்று கண்டுபிடிக்க முடியாது.
இலை இருக்கிறது.
கணுவைச் சுற்றிப் பல் பல்லாய்,
உப்புக்கல்லைவிடச் சின்னதாய்.
கம்பளிப்புழுவுக்கு அது தெரிந்திருக்கிறது.

சாமியார்பேட்டைக்கு வடக்கே எத்திராஜின் மூன்று காணி.
சாரம் கட்டுகிறவர்களிடம் விலை பேசி
முன்பணம் வாங்கியாயிற்று, செலவும் ஆயிற்று.
பங்குனியில் உச்சிக் கொப்பெல்லாம்
துருவேறின கம்பிபோல் ஆனதும்
ஆபீசுக்கு போன் வந்தது.
ஆபீசர் என்னை அனுப்பினார், பஸ் காசு தராமல்.

நான் அஞ்சலாட்சி.
ஒட்டுண்ணி வளர்ப்பு நிலையம், தினக்கூலி.
உடைத்த கம்புத் தட்டில் நெல் அந்து வளர்ப்பேன்.
அதன் முட்டையைச் சலித்து, பசை தடவிய அட்டையில் தூவி,
கண்ணுக்கே தெரியாத குளவிக்குக் கொடுப்பேன்.
முட்டைக்குள் முட்டை.
நாலாம் நாள் அட்டை கறுக்கும்.
கறுத்தால் நல்ல சேதி.
அந்தின் செதில் பதினோரு வருஷமாய் என் நெஞ்சுக்குள்.
ராத்திரி இருமினால் பக்கத்து வீட்டில் லைட் போடுவார்கள்.
நானும் யாருக்கோ கம்புத் தட்டு என்று
புரண்டு படுப்பேன்.

ஆபீஸ் சுவரில் பச்சை எழுத்து:
நன்மை செய்யும் பூச்சிகள்.
யாருக்கு என்று எழுத இடம் போதவில்லை.
தங்கை புருஷன் குடித்துவிட்டு வந்த அன்றைக்கு
என்னைச் சொன்ன சொல் ஒட்டுண்ணி.
அந்த வீட்டு வாடகையில் பாதி என் கூலி.
அதுக்கு இன்னும் நாலு கால் வேணுமே என்றேன்.

தோப்புக்குள் போனால்
அலையா காற்றா, பிரிக்க முடியாது.
புழுவின் எச்சம் மட்டும் சருகின்மேல்
தூறல்போல் தனியாகக் கேட்கும்.
முன்னால் போன எத்திராஜ் ஒரு மரத்தில் நின்றார்.
“இன்னா தெகிரியம் பாரு, முட்டை போட்டு அடைகாக்குது.”
நான் எட்டிப் பார்ப்பதற்குள்
செருப்பைக் கழற்றி அறைந்தார்.
இன்னொன்று.
இன்னொன்று.
ஏழு.

முட்டை இல்லை.
புழு எங்கே முட்டை போடும், அதுவே குழந்தை.
வெள்ளையாய்ப் பஞ்சுபோல் இருந்தவை குளவிக் கூடு.
உள்ளேயே தின்று வளர்ந்து
தோலைத் துளைத்து வெளியே வந்து
நூல் சுற்றிக்கொண்டு வரிசையாய்ப் படுத்தவை.
வெறும் பையாகிவிட்ட புழு சாகவில்லை.
தின்னாது, நகராது.
எறும்பு வந்தால் தலையைத் தூக்கி உதறும்.
தன்னைத் தின்றவர்களுக்குக் காவல்.
ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன்.
அப்படித்தான் என்றார் ஆபீசர்.
அவர் படித்த பாடம் அதோடு முடிந்ததோ என்னவோ.

எத்திராஜிடம் சொன்னேன்.
செருப்பைத் திருப்பி அடியைப் பார்த்தார்.
வரிப்பள்ளத்தில் வெள்ளை நூல், பச்சைச் சாறு.
“அப்ப நமக்கு வந்த ஆளையா அடிச்சிட்டேன்?”
கொஞ்ச தூரம் நடந்த பிறகு,
“புழுவையும்தான அடிச்சேன்?”
இரண்டும் சரி.

கைக்கு எட்டாத கொப்புகளில் இன்னும் வெள்ளை இருந்தது.
நாற்பது வரை எண்ணினேன், கழுத்து வலித்தது.
யாரும் அட்டையில் கட்டி அனுப்பாமல்
அதுகளாய் வந்த குளவிகள்.
நான் கொண்டுபோன இருபது அட்டையையும் கட்டினேன்,
ரசீதில் கையெழுத்து வேண்டுமே.

எட்டு நாள் கழித்து எத்திராஜ் போன் பண்ணினார்.
“கூடெல்லாம் மூடி தொறந்து கெடக்குது,
உள்ள ஒண்ணும் இல்ல.
இந்தப் புழு மட்டும் இன்னும் அங்கியே நிக்குது.
விரல நீட்டினா தலைய உதறுது.
இன்னா பண்றது இத?”

சலித்துக்கொண்டிருந்தேன்.
இருமல் பிடித்துக்கொண்டது.
அவர் லைனிலேயே இருந்தார்.