ஏழாவது ஆள்

சமூக உளவியல், செவ்வாய் இரவு வகுப்பு.
ஒரு கேஸ் ஸ்டடி எழுத வேண்டும்:
ஆயிரத்து இருநூறு சொற்கள்,
பாடத்திலிருந்து மூன்று கருத்துகளாவது,
பெயர்களை மாற்றிவிடுங்கள் என்று
தடித்த எழுத்தில் ஒரு வரி.

நியூ பெட்ஃபர்ட் துறைமுகத்தில்
ஹேடக் மீன் தோலுரிக்கும் வரிசை என்னுடையது.
எலுமிச்சை தேய்த்துக் கழுவிய பிறகும்
நூலகக் கணினியின் விசைகளில் என் விரல் நாறுகிறது.
பக்கத்திலிருந்த பையன்
இரண்டு நாற்காலி தள்ளிப் போனான்.
அதற்கும் ஒரு பெயர் இருக்கும்,
ஒன்பதாம் அத்தியாயத்திலோ பத்திலோ.

ஸெஃபெரீனோவை மார்க் என்று மாற்றிப் பார்த்தேன்.
மார்க்குக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.
மார்க் தன் கச்சூப்பா டப்பாவை
ரேடியேட்டர் மேல் வைத்துச் சூடாக்கமாட்டான்.
சரி, எண்கள்.
பங்கேற்பாளர் ஒன்று, பங்கேற்பாளர் இரண்டு.
எண்ணுக்கு வாசனை கிடையாது.

நடந்தது பிப்ரவரியில்.
இயந்திரம் எடுத்தது நான்கின் இடது கையில் இரண்டு விரல்.
காப்புத் தகடு சுவரோரம் சாய்ந்து நின்றது,
மூன்று வாரமாக.
மாட்டினால் மணிக்கு இத்தனை பெட்டி ஓடாது.

மறுநாள் ஓய்வறையில்
வரிசையாக உட்காரவைத்தார் மேலாளர்.
காப்பீட்டு ஆளின் மடியில் படிவம்.
"தகடு மாட்டியிருந்ததா?"
ஒன்று: "இருந்தது." அவளுக்கு வாடகை பாக்கி.
இரண்டு: "இருந்தது." அவரிடம் காகிதம் இல்லை.
மூன்று காலணியைப் பார்த்தபடி தலையாட்டினாள்.
நான்கு மருத்துவமனையில்.
ஐந்து. ஆறு.

புத்தகத்தில் இதைக் கோடுகளால் சொல்கிறார்கள்.
மூன்று கோடு. எது நீளமென்று குழந்தைக்கும் தெரியும்.
அறையில் எல்லோரும் குட்டையைக் காட்டினால்
நம் விரலும் அங்கேதான் போகுமாம்.
முடிந்ததும் சொல்லிவிடுவார்களாம்:
மற்றவர்கள் நடிகர்கள், நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் அறையில் யாரும் நடிகர் இல்லை.
வீட்டுக்கும் போகவில்லை.
மூன்று மணிக்கு ஷிப்டு.

'குழுவுக்கு இணங்குதல்' என்று எழுதினேன்.
'பொறுப்பு பரவுதல்' என்று எழுதினேன்.
பரவிய பிறகு ஆளுக்கு எவ்வளவு என்று பாடத்தில் இல்லை,
நானே வகுத்தேன்.
இரண்டு விரல், விரலுக்கு மூன்று கணு,
நாங்கள் ஆறு பேர்.
ஆளுக்கு ஒன்று. மீதி இல்லை.

மூன்றாவது, 'மன முரண்பாடு'.
செய்ததும் நம்புவதும் ஒத்துப்போகாவிட்டால்
நம்புவதை மாற்றிக்கொள்வோமாம்.
இப்போதெல்லாம் தகடு மாட்டியிருந்ததாகவே ஞாபகம்.
அதன் மஞ்சள் நிறம்,
தளர்ந்த ஒற்றைத் திருகு உட்பட.

பச்சை மையில் திரும்பி வந்தது:
"கருத்துகள் சரி.
ஏழாம் பங்கேற்பாளர் என்ன சொன்னார்?
விட்டுப்போயிருக்கிறது.
வெள்ளிக்குள் திருத்தித் தரவும்."

ஸெஃபெரீனோ இப்போது பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறான்.
"காலேஜுக்கு எங்களப்பத்தி எழுதுறியாமே இல்டா,
எம்பேரு போட்டியா?"
"இல்ல. நம்பர்."
"எத்தன?"
"நாலு."
இடது கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"மூணுன்னு மாத்து."
சிரித்தான். அதே சிரிப்புதான்.
"நீ?"
"ஏழு."
அதற்கு ஒன்றும் கேட்கவில்லை.
கோணலாகப் போன லேபிளை
நகத்தால் கிளப்பி
மறுபடி ஒட்டினான்.

வெள்ளி. நூலகம் ஒன்பதுக்கு மூடும்.
'ஏழாம் பங்கேற்பாளர் இருந்தது என்றார்'
என்று அடித்தேன்.
விதித்தாளில் இருக்கிறது:
தன்மை ஒருமை கூடாது,
மீறினால் இரண்டு மதிப்பெண் கழிவு.
கடைசி இரண்டு எழுத்தை அழித்தேன்.
என்றேன்.
எழுவாயை அப்படியே விட்டுவிட்டேன்.
இலக்கணப் பிழை என்று
அடியில் சிவப்பாக நெளிந்தது கோடு.