இடது பின் மட்கார்டு

முட்டத்திலிருந்து வந்த ஹெரால்டு.
எழுபத்தொன்றாம் வருஷத்து வண்டி.
வீட்டுக்காரர்கள் மஸ்கட்டில் இருந்த காலமெல்லாம்
கடலுக்கு இடது தோளைக் காட்டி நின்றிருக்கிறது.
மட்கார்டில் விரலால் குத்தினேன்.
விரல் அந்தப் பக்கம் போய்
காற்று வாங்கியது.

"வெல்டு வச்சா தகடு சுருளும்" என்றான் ததேயு.
என்னிடம் அல்ல,
சுவரில் தொங்கிய சிமென்ட் கம்பெனி காலண்டரிடம்.
ஆவணியிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.
முப்பத்தெட்டாயிரம் ரூபாய், சீட்டுப் பணம்.
அதற்கு மேல் அவன் சொன்ன ஒரு வார்த்தை.
பணத்தையாவது எழுதித் தள்ளிவிடலாம்.
இரணியல் ரோட்டில் இந்தப் பட்டறை
இன்னும் இருவர் பேரிலும்தான் இருக்கிறது.

அதனால் பசை.
கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வந்தது.
இரட்டைக் குழல், ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு.
தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் வெறும் களி.
மூக்கில் கலந்து வெளியே வந்ததும்
கணக்கு தொடங்கிவிடும், நாற்பது நிமிடம்.
அதற்குப் பிறகு நகர்த்தக் கூடாது.

முந்தின நாள் முழுக்கச் சுரண்டினேன்.
பெயிண்ட், அதன்கீழ் பட்டி,
அதன்கீழ் எவனோ அப்பிய தார்,
அதன்கீழ் துரு, துருவுக்கும் கீழே
பிறந்த மேனியாய் இரும்பு.
பெயிண்டின்மேல் ஒட்டினால்
பெயிண்டோடுதான் உறவு.
அது உரியும் நாளில் கூடவே போய்விடும்.
தின்னரில் துடைத்த இடத்தில்
அப்புறம் விரல் படக் கூடாது.
கைரேகை எண்ணெய் போதும், கெடுக்க.

மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.
பசையை அறாமல் ஓட்டித்
தகட்டை ஏற்றினோம்.
ஏற்றினோம் என்றால்
அவன் கதவுப் பக்கம், நான் டிக்கிப் பக்கம்.
கிளாம்ப் பதினாறு வேண்டும்.
மாட்டி முடித்தபோது பதினொன்றுதான்.
மிச்சம் ஐந்தைத் திங்கள்சந்தையில்
மச்சானுக்கு இரவல் கொடுத்தது யார் என்று
கேட்க வாய் திறந்து
மூடிக்கொண்டேன்.

பையன் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு ஓடினான்.
பின்னாலேயே மழை.
கரண்டும் போனது.
தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில்
ஆளுக்கொரு முனையைப் பிடித்து நின்றோம்.
விட்டால் விழாது, நழுவும்.
நழுவினால் நாளைக்கு உளிதான்.

"அமுக்காதே."
இது என்னிடம்.
"ரொம்ப அமுக்குனா பசை பூராவும் பிதுங்கிப் போவும்,
நடுவுல ஒண்ணும் நிக்காது.
கொஞ்சம் எடம் விடணும்."
"எவ்வளவு?"
"பஸ் டிக்கெட் ரெண்டு கனம்."
பிடியைத் தளர்த்தினேன்.

மதியம் சாளைக்கறி தின்றிருக்கிறான்,
மூச்சில் தெரிந்தது.
அவன் இடது முட்டி நடுங்கிக்கொண்டே இருந்தது.
கைலிக்குக் கீழே தையல் போட்ட தழும்பு,
புதுசு.
"எப்போ?"
"பொரட்டாசில. ஆசாரிப்பள்ளம்."
அவ்வளவுதான் பேச்சு.
நான் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டேன்.
உட்காரவில்லை. சாய்ந்துகொண்டான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து
நனைந்த கோழியாய் வந்தான் பையன்.
"நாலுதான் அண்ணே இருந்துச்சு."
ஐந்தாவது இடத்துக்கு
ஒரு ரப்பர் மரக் கம்பைச் சுவரோடு முட்டுக் கொடுத்தோம்.
ததேயு துணி மடித்து வைத்தான், தகடு நசுங்காமல்.

இந்தப் பசை
பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்.
ஓரத்தில் நகம் விட்டு உரித்தால் தாங்காது.
காலையில் ஓரங்களில் மட்டும் நாலு ரிவெட் அடித்தேன்.
அவன் வந்து தட்டிப் பார்த்தான்.
தனித் தகட்டின் கணகணப்பு இல்லை,
முழு வண்டியும் சேர்ந்து
'ம்' என்றது.
"கொள்ளாம்" என்றான்.
காலண்டர் அவன் முதுகுப் பக்கம் இருந்தது.

சீட்டுப் பணம் அப்படியேதான் நிற்கிறது.
அந்த வார்த்தையும்.

வலது மட்கார்டிலும்
பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் தெரிகிறது.
இன்னொரு குழலுக்குச் சொல்லிவிட்டேன்.
கிளாம்ப் வாங்கவில்லை.