சக்கரக் குழியின் நிறம்

மூக்கை எல்லோரும் எடுத்திருக்கிறார்கள்.
மூக்கோடு நின்று, மூக்கில் சாய்ந்து,
ஏணியில் ஏற்றிய பிள்ளையை மூக்கின் மேல் உட்காரவைத்து.
வயிற்றுக்குக் கீழே குனிந்து படமெடுத்தவன்
இந்த நாட்டில் ஒருவனும் இல்லை.

எனக்கு வேண்டியது
ஒரு மிக்-21இன் இடப்பக்கச் சக்கரக் குழி.
கதவு திறந்திருக்க வேண்டும்.
வெயில் கொஞ்சம் உள்ளே போயிருக்க வேண்டும்.
எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால்
கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.
ஒட்டி முடித்து அலமாரியில் நிறுத்திய பிறகு
தலைகீழாகப் பிடித்தாலொழிய
யார் கண்ணுக்கும் படாது.
ஆகஸ்டிலிருந்து அதற்காகத்தான்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

பகலில் பார்டுபிட்ஸேயில் பல் செய்கிறேன்,
பீங்கானில், பிறர் வாய்க்கு.
வெள்ளை என்று ஊர் சொல்வதில்
பதினாறு வெள்ளை உண்டென்று அறிந்த கை.
இரவில் அதே கை
பச்சையா நீலமா என்று
தூரிகையை நனைக்காமல் வைத்துவிடுகிறது.

செஸ்ட்மீர் நீலப்பச்சை என்கிறான்.
அருங்காட்சியகத்தில் தொட்டே பார்த்தானாம்.
அது மூன்றுமுறை பூசியது,
கடைசிமுறை பள்ளிக்கூட கேட்டுக்கு வாங்கி மிஞ்சிய பெயின்ட்
என்றேன்.
இரண்டு வாரமாகப் பேசுவதில்லை.

பழம்பொருள் சந்தையில் ஒரு செருப்புப் பெட்டி,
நாற்பது கொருனா.
மொட்டைமாடிகள், கல்யாணங்கள், யாருடையவோ நாய்.
அடியில் இது:
ஹ்ராடெட்ஸ் விமானதளம், பொதுமக்கள் நாள்,
காகிதத் தட்டில் சாசேஜோடு ஒரு பெண்,
அவள் முழங்கைக்கு அப்பால்
கதவு திறந்து
அது.

கறுப்பு வெள்ளை.

அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை
பன்னிரண்டாம் நாள்தான் கவனித்தேன்.

படத்தின் பின்புறம் பென்சிலில் முழுப்பெயர்.
அந்தப் பெயரில் மூன்று பேர்.
ஒருத்தி இறந்திருந்தாள், ஒருத்தி திட்டினாள்.
மூன்றாமவள் போஹுமிலா,
எடுத்தவுடன் கேட்டேன்:
அம்மா, அன்றைக்கு நீங்கள் போட்டிருந்த கோட் என்ன நிறம்?

நீண்ட மௌனம்.
நீங்கள் எதையும் விற்கவில்லையே?
இல்லை.
கடுகு மஞ்சள், என்றாள். உள்துணி பச்சை.
எந்தப் பச்சை? என்று வாய் முந்திக்கொண்டது.
அங்கே இருமலும் சிரிப்புமாக ஒரு சத்தம்.

கடுகு இந்தச் சாம்பல் என்றால்
குழி எந்த நிறம்?
மூன்று இரவு, நாற்பது சிட்டுகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு கலவை,
ஒவ்வொன்றையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து
முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
பச்சையும் பொருந்துகிறது.
நீலமும் பொருந்துகிறது.

அவளே திரும்ப அழைத்தாள்.
வ்ராதிஸ்லாவ் படத்தில் இருக்கிறாரா?
மெக்கானிக். அன்று முழுவதும் அதன் கீழேதான் கிடந்தார்.
தட்டு அவருக்குக் கொண்டுபோனது.

ஏணிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது.
எனக்குத் தெரியும்.
தரையிலிருந்து வயிறு எவ்வளவு உயரம் என்று
அவற்றைக்கொண்டுதான் அளந்திருந்தேன்,
குறிப்பேட்டில் 'பூட்ஸ், 31 செ.மீ.' என்று எழுதி.

பெரிதாக்கி அனுப்பினேன்.
ஒரு வாரம் கழித்துத் தபால் அட்டை,
சாய்ந்த பழைய கையெழுத்து:
இவை அவருடையவை இல்லை.
அவர் இடது கயிற்றை ஒருநாளும் மேல்வரை கட்டியதில்லை.
இது யாரோ ஒழுங்கான ஆள்.
மற்றபடி,
கோட் ஆரஞ்சு என்கிறாள் என் தங்கை.
எனக்கும் இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சிட்டுகளை மறுபடி விரித்தேன்.
செஸ்ட்மீரை அழைத்தேன்,
அவன் அருங்காட்சியகத்தில் எந்த இடத்தைத் தொட்டான் என்று கேட்க.
குழிக்குள் இல்லையாம்.
கதவின் விளிம்பில்.

ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.
வலப்பக்கக் குழி வேறு இருக்கிறது.